பாஸ்வேர்ட் கொப்பி

வேலணை வங்களாவடிச் சந்தியில் குறிகட்டுவான் பஸ் நிற்கிறது. இறங்கியவர்களில் பாதிப்பேர் நேரே கொமினிக்கேஷனுக்குள் நுழைகிறார்கள். மிச்சப்பேர் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து நுழைகிறார்கள்.

பெயர்ப்பலகையில் ஒரு பிள்ளையார். பக்கத்தில் வெயிலுக்கு வெளிறிப்போன தொலைபேசிப் படம். கனடாவுக்கும் பிரான்சுக்கும் நிமிடக் கணக்கில் காசு வாங்கிப் பேச விட்ட காலத்து மிச்சம் அது. பேசுகிற கூண்டும் அப்படியே இருக்கிறது. அதற்குள் இப்போது பாடசாலைக் கொப்பிகளும் பிறந்தநாள் பலூன்களும். மற்றப்படி ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், லமினேற் பண்ணுகிற பெட்டி, நாலு பிளாஸ்ரிக் கதிரைகள். மூலைக் கதிரையில் இருந்தால் எல்லாம் தெரியும். அங்கே இருப்பவரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கையில் ஒரு கடதாசிக் கட்டு இருந்தால் போதும், முறைக்குக் காத்திருக்கிற ஆள் என்று விட்டுவிடுவார்கள்.

கணினிக்கு முன்னால் இருக்கும் தம்பிக்கு இருபத்தைந்து வயது சொல்லலாம். ஏ.எல். வரைக்கும் இந்த ஊரிலேயே படித்தவர். வருகிற எல்லாரையும் அவருக்குத் தெரியும். யாருடைய மகன் எந்த நாட்டில், யாருக்கு எந்த வங்கியில் கணக்கு, யாருக்குக் கண் மங்கல், யாருக்கு எழுத்து வாசிக்க வராது, எல்லாம் தெரியும். வாசிக்கத் தெரியாதவரிடம் அவர் 'வாசிச்சுப் பாருங்கோ' என்று ஒருபோதும் சொல்வதில்லை. 'நான் வாசிக்கிறன், சரியோ எண்டு கேளுங்கோ' என்கிறார். இந்த மரியாதையை அவருக்கு எந்தக் கணினி வகுப்பும் சொல்லிக்கொடுத்திராது.

முதல் முறை ஓர் அம்மாவுக்கு. எழுபது தாண்டியிருக்கும். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பைக்குள் இருந்து பொத்தான் போன் ஒன்றை எடுத்து மேசையில் வைக்கிறார்.

"மோனை, உதில என்னவோ வந்து கிடக்கு. பாங்கோ வேற ஆரோ தெரியேல்லை."

தம்பி பார்க்கிறார். "உது பாங்க் இல்லை அம்மா. ரீலோட் விளம்பரம்."

"அப்ப காசு?"

"காசு வந்தால் வேற மாதிரி வரும். பொறுங்கோ, பாப்பம்."

காசு என்று அவர் சொல்வது அஸ்வெசும. சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்த நிவாரணத் திட்டம். தொடங்கியபோது குடும்பத்தின் நிலையைப் பொறுத்து மாதம் 2,500 ரூபாவில் இருந்து 15,000 ரூபா வரை என்றார்கள். பட்டியலில் பெயர் வராதவர்கள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள். அதை இணையத்தளத்திலே செய்யச் சொன்னார்கள். நாட்டில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்ற அளவில்தான் கணினி இருக்கிறது. கணினி உள்ள வீட்டுக்காரருக்கு அஸ்வெசும பெரும்பாலும் தேவைப்படாது. அஸ்வெசும தேவைப்படுகிற வீட்டில் கணினி இருக்காது. இதைக் கொழும்பில் யாராவது ஒருவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தை யோசிக்காமல் விட்டதால்தான் 2023 இன் அந்த வாரங்களில் இதுபோன்ற கடைகளில் விடியற்காலையிலேயே செருப்புகளை வரிசையாக வைத்து இடம் பிடித்தார்கள்.

தம்பி லாச்சியைத் திறந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுக்கிறார். மட்டையில் பெயர் எதுவும் இல்லை. உள்ளே நீலப் பேனையால் கோடு போட்டு நிரல்கள்: ஆள், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், மின்னஞ்சல், பாஸ்வேர்ட். அந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவற்றை அவரே உண்டாக்கியிருக்கிறார். உரியவர்கள் தங்கள் வாழ்நாளில் அவற்றைத் திறந்து பார்க்கப் போவதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தின் கால்வாசிச் சனத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் உள்ள கதவுகளின் திறப்புகளெல்லாம் இந்தக் கொப்பியில் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அதை எழுதியவர்கள் இந்த லாச்சியைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள். லாச்சிக்குப் பூட்டும் இல்லை.

ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் கொப்பியைக் கண்டதும் ஒரு நிம்மதி. தன் பெயர் ஓரிடத்தில் மையினால் எழுதியிருக்கிறது என்ற நிம்மதி. கச்சேரி வாசலில் மரத்தடியில் மேசை போட்டிருந்து பெட்டிசம் எழுதிக்கொடுத்தவர்களின் வாரிசு இந்தத் தம்பி. அவர்களும் மனுவை எழுதினார்கள், இரகசியத்தையும் காத்தார்கள். ஒரு வித்தியாசம், பெட்டிசம் எழுதினவரிடம் உங்கள் கையெழுத்து இருக்காது; இவரிடம் உங்கள் பாஸ்வேர்டே இருக்கிறது.

"அம்மா, பேர் பிரச்சினை. பாங்க் புத்தகத்தில ஒரு மாதிரி, இதில ஒரு மாதிரி."

"பேர் ஒண்டுதானே மோனை."

தமிழில் ஒன்றுதான். ஆங்கில எழுத்துக்குப் போகும்போதுதான் சிவபாக்கியம் என்ற அந்த அம்மா மூன்று பேர் ஆகிறார். ஒரு கந்தோரில் ஓர் எழுத்தை இரட்டித்திருப்பார்கள், இன்னொன்றில் ஒற்றையாக விட்டிருப்பார்கள், வங்கியில் ஒரு 'எச்' கூடியிருக்கும். முன்பு கவுண்டரில் இருந்த கிளாக்கர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒருதரம் பார்த்து, 'உவ நம்மட மனிசிதானே' என்று முத்திரை குத்தி விடுவார். கணினி அப்படி விடாது. அதற்கு ஓர் எழுத்துக் குறைந்தால் வேறு ஆள். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வேறு. தகப்பன் பெயரை முன்னால் போட்டு வாழ்கிற சனத்திடம் குடும்பப் பெயரைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். தம்பி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். யாருக்கு எந்த இடத்தில் எந்த எழுத்துக்கூட்டல் போட்டோம் என்பதைக் கொப்பியின் கடைசி நிரலில் எழுதிவிடுவார்.

போனுக்கு வருகிற செய்திகளின் கதை இதைவிட விசேஷம். ஒரு குறுஞ்செய்தி ஆங்கில எழுத்தில் என்றால் 160 எழுத்துக் கொள்ளும். தமிழில் அடித்தால் 70தான். அதிலும் 'கொ' என்ற ஓர் எழுத்து இரண்டு இடத்தைப் பிடிக்கும், புள்ளி வைத்த 'க்' இரண்டு இடத்தைப் பிடிக்கும். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு செய்திக்குள் அடங்குவது தமிழில் இரண்டு மூன்று செய்தியாகி, காசும் அதற்கேற்ற மாதிரி ஏறும். இலட்சம் பேருக்கு அனுப்புகிற வங்கியும் திணைக்களமும் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழை அரசகரும மொழி ஆக்கியது. அந்த அம்மாவின் கைப்பைக்குள் வருகிற செய்தி மட்டும் இன்னும் இங்கிலீசில்தான் வருகிறது.

பத்தேமுக்காலுக்குக் கறண்ட் போனது.

கணினிக்குக் கீழே இருந்த யு.பி.எஸ். பெட்டி கத்தத் தொடங்கியது. தம்பி அவசரமாக எதையோ சேமித்து, கணினியை நிறுத்தினார். கடையில் இருந்த எல்லாரும் ஒருதரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. கதை தொடங்கியது.

"குரங்கோ தெரியாது," என்றார் சாரம் கட்டிய ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுவதும் இருண்டதாக மின்சக்தி அமைச்சரே சொன்னாரல்லவா, அந்தக் குரங்கு. அனுமான் வந்துபோன நாடு என்று ஒருவர் தொடங்க, மற்றவர் அதைத் தொடர்ந்தார். அதை இங்கே எழுத வேண்டாம்.

பெரியவர் நிறுத்தவில்லை. "தொண்ணூறில போன கறண்ட். எத்தினை வருசம் இல்லாமல் இருந்தனாங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஏன் மூஞ்சையைத் தூக்கிறியள்?" பிறகு அந்தக் காலத்துச் சைக்கிள் ரேடியோவுக்குப் போனார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒராள் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, மற்றவர்கள் சுற்றி இருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டது. "சுத்திறவன் களைச்சா தமிழோசையும் களைச்சுப்போம். செய்தி முடியுமட்டும் ஆள் மாறி ஆள் சுத்துவம்."

மின்கலம் வரக்கூடாது, மண்ணெண்ணெய் அளந்துதான் வரும் என்றிருந்த அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுச் சனம் ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்குச் செய்தது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. பிள்ளைகள் பிரான்சில் இருந்து எடுக்கிற ஓர் அழைப்புக்காகத் தாய்மார் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, கொழும்பு லொட்ஜ்களில் போய்க் காத்துக் கிடந்தார்கள். போர் முடிந்து சில வருடம் கழித்துத்தான் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்குத் தேசிய மின்வலை திரும்பி வந்தது. இந்தச் சனத்துக்குத் தொழில்நுட்பம் பிடிபடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டைனமோவில் செய்தி கேட்டவர்களுக்கு ஒரு படிவம் நிரப்புவது பெரிய வேலை இல்லை. படிவம் அவர்களுடைய பாஷையில், அவர்களுடைய கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர் மணிபர்சைத் திறந்து ஒரு லமினேற் பண்ணிய துண்டைக் காட்டுகிறார். கறுப்புப் புள்ளிச் சதுரம். 2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூ.ஆர். அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கினார்கள். அடுத்த வருடம் செப்டெம்பரோடு அந்த முறை நின்றுவிட்டது. அவர் இன்னும் எறியவில்லை.

"இந்தப் பிள்ளைதான் அடிச்சுத் தந்தது. திரும்பத் தேவைப்பட்டாலும் படும்."

இலங்கை வரலாறு தெரிந்தவர் பேசுகிற பேச்சு.

கறண்ட் வருகிற மாதிரி இல்லை. வெளியே இறங்கி ஒழுங்கையால் நடந்தால், இரண்டாவது வளைவில் ஒரு மாடி வீடு. மதில் புதிது, கேற் புதிது, முற்றத்தில் சருகு. ஆட்கள் இல்லை. வீட்டுக்காரர் ரொறன்ரோவில். மின்கம்பத்தில் இருந்து ஒரு கறுப்பு வயர், ஃபைபர் இணைப்பு, கூரைக்குக் கீழே நுழைகிறது. மதிலின் நாலு மூலையிலும் கமெரா. ஊரெல்லாம் கறண்ட் இல்லை. அந்தக் கமெராக்களில் மட்டும் சிவப்புப் பொட்டு எரிகிறது. பற்றரி போட்டிருக்கிறார்கள். தேங்காய் விழுந்தால் ரொறன்ரோவில் தெரியும். வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்தால் உங்களையும் தெரியும்.

தீவகத்தில் இப்படி வீடுகள் நிறைய. 1990 இல் இடம்பெயர்ந்த சனத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. புங்குடுதீவுக்கு வாணர் பாலம் தாண்டிப் போனால் வீடுகளே மனிதரைவிட அதிகமோ என்று தோன்றும். ஊரின் திறமான இணைய இணைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆளில்லாத வீட்டில். அடுத்தது செத்தவீட்டில். கிரியை தொடங்க முன்னமே கமெராக்காரர் வந்து ஸ்ராண்டை நட்டுவிடுவார். லண்டனில் மகள், ஒஸ்லோவில் மகன், மொன்றியலில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் நேரலையில் அழுவார்கள். ஐயர் கமெராவைப் பார்த்து மந்திரம் சொல்லப் பழகிவிட்டார். அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. வரமுடியாதவர்களுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

அந்த மாடி வீட்டுக்கு அடுத்த வளவில் தகரக் கூரை. கிணற்றடியில் ஒரு பெண் உடுப்புத் தோய்க்கிறார். திண்ணையில் மூன்று பிள்ளைகள், நடுவில் ஒரு போன். கண்ணாடி வெடித்த போன். மூத்தவள் பிடித்திருக்கிறாள், மற்ற இரண்டும் இரண்டு தோளிலும் நாடியை வைத்திருக்கின்றன. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடி, பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனபோது இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு போனுக்கு மூன்று வகுப்பு இருந்தது. மூத்தவளின் கணிதம் முடியும் வரைக்கும் சின்னவனின் ரீச்சர் காத்திருக்க மாட்டார். தகப்பன் தொழிலுக்குப் போகும்போது போனையும் கொண்டு போனால் மூன்று வகுப்பும் போச்சு. அந்த இரண்டு வருடங்களில் விட்ட பாடங்களை எந்த ரீலோட்டும் திருப்பித் தரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஃபைபர், இந்தப் பக்கம் 'டேட்டா முடிஞ்சுது'. இடையில் ஆறடி மதில்.

கடைக்குத் திரும்பும்போது மின்விசிறி சுற்றுகிறது. கூட்டம் கூடிவிட்டது. மேசைக்கு முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறாள், வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்ரிக் கோப்பு. நெடுந்தீவு. காலைப் படகில் ஒரு மணித்தியாலம் கடலில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். ஏ.எல். பெறுபேறு நல்லது போல. பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் போட வேண்டும். அதற்கு முதல் மின்னஞ்சல் கணக்கு வேண்டும்.

"அண்ணா, இண்டைக்கு முடியுமா? பின்னேரப் படகை விட்டால் நாளைக்குத்தான்."

"முடியும் தங்கச்சி. போன் நம்பர் சொல்லுங்கோ, ஒரு கோட் வரும்."

"நம்பர் அப்பான்ரை."

"அப்பா எங்கை?"

"தொழிலுக்குப் போட்டார்."

தம்பியின் கை விசைப்பலகையில் நிற்கிறது. கூகிள் அனுப்பிய ஆறு இலக்கம் பாக்கு நீரிணையில் எங்கோ ஒரு வள்ளத்தில், ஒரு பொலித்தீன் பைக்குள், மீன் நாற்றத்துக்கு நடுவில் வந்து விழுந்திருக்கும். அல்லது விழாமல் இருந்திருக்கும். கரையை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சிக்னல் எந்தப் பக்கத்துடையது என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு எடுக்கிறார்கள். இல்லை. அம்மாவின் போனுக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறார்கள். அம்மாவுக்கு எடுத்தால் பதில் இல்லை; சார்ஜ் இல்லாமல் கிடந்த போனைப் பக்கத்து வீட்டில் போட்டிருக்கிறாராம். பக்கத்து வீட்டுக்கு எடுக்கிறார்கள். 'ஓடிப்போய்ச் சொல்லுங்கோ அக்கா.' கடையே அந்த ஆறு இலக்கத்துக்காகக் காத்திருக்கிறது. அஸ்வெசும அம்மாகூடத் தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டார். முதல் வந்த இலக்கம் காலாவதி. இரண்டாவதை யாரோ இங்கிலீசில் ஒவ்வொன்றாக வாசிக்க, பிள்ளை உரக்கத் திருப்பிச் சொல்ல, தம்பி அடித்தார். திறந்தது. ஒருவரும் கைதட்டவில்லை, ஆனால் எல்லாரும் கதிரையில் சாய்ந்து இருந்தார்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையில் இல்லை. டீசல் இயந்திரங்கள்தான். பாணந்துறைக் குரங்கால் அவர்களுக்கு ஒன்றும் ஆகியிராது என்பது ஓர் இலாபம். இந்த மூன்று தீவுக்கும் காற்றும் வெயிலும் சேர்ந்த மின்திட்டம் ஒன்று 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்ட சீனாவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனா நிறுத்திக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை, கடனாக இருந்தது நன்கொடையாயிற்று. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம்: வெயிலில் 1,700 கிலோவாட், காற்றில் 530, சேமிக்கப் பற்றரி, காவலுக்கு டீசல். இரண்டு பெரிய நாடுகள் மூன்று சின்னத் தீவுகளின் மின்குமிழுக்காக மல்லுக்கட்டிய அந்த மூன்று வருடமும் அந்தப் பிள்ளை ஓ.எல். முடித்து ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன படிக்கப் போறியள்?" என்று தம்பி கேட்டார்.

"கொம்பியூட்டர் சயன்ஸ்தான் முதலாவது போட்டிருக்கிறன்."

வீட்டில் கணினி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கனவு புதிது இல்லை. 2012 இல் யாழ் ஐ.ரி. ஹப் இளைஞர்களுக்கு 'யாழ் கீக் சலஞ்ச்' என்று போட்டி தொடங்கியது. குடாநாட்டை இன்னொரு சிலிக்கன் பள்ளத்தாக்கு ஆக்குவோம் என்று பேசிய அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று நல்ல வேலைகளில் இருக்கிறார்கள், சிலர் இங்கேயே நிறுவனம் நடத்துகிறார்கள். அதற்கும் முன், 1981 இல் 97,000 நூல்களோடு எரிந்த பொது நூலகத்தின் காயம் ஆறாத ஊரில் இருந்து, 2005 இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் பிறந்தது. கிடைத்த புத்தகத்தை எல்லாம் ஸ்கான் பண்ணி உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். இனி எரிக்க முடியாத நூலகம். ஆக, அறிவுக்குப் பஞ்சம் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் நாலு தலைமுறை தாண்டி ஐந்தாவது தலைமுறை அலைவரிசைக்கு எதிராகச் சண்டையே நடந்தது: 2019 இல் மாநகர எல்லைக்குள் நாட்டிய 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்கள் 5ஜி கோபுரங்கள், உடம்புக்குக் கேடு என்று சனம் வீதிக்கு இறங்கியது. நகரத்தையும் தீவகத்தையும் இணைக்கிற பண்ணைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கோபுரம் வேண்டாம் என்று போராட்டம், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டுச் சிக்னலுக்காகப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் மதிலில் ஏறி நிற்கிறார்.

கடலடிக் கேபிளின் கதையும் இப்படித்தான். காங்கேசன்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையில் கடல் 60 கிலோமீற்றர்கூட வராது. ஆனால் 2006 இல் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்துப் போட்ட பாரத்-லங்கா கேபிள் தூத்துக்குடியில் இறங்கி, கரையேறியது கல்கிசையில். நெடுந்தீவுப் பிள்ளை சென்னையில் உள்ள மாமிக்கு ஒரு படம் அனுப்பினால், அது தெற்கே கொழும்புக்குப் போய்த்தான் வடக்கே திரும்பும். நம் வலை இழுத்த பாதை எப்போதும் அதுதான்.

மத்தியானம் கழிகிறது. பிரதேச செயலகத்தில் இருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். பாமினி எழுத்துருவில் அடித்தது, மேலிடத்துக்கு யூனிகோடில் வேண்டுமாம். தம்பி ஒரு மாற்றியில் போட்டு மாற்றி, உடைந்த கொம்புகளையும் கால்களையும் கையால் திருத்திக் கொடுக்கிறார். அரசாங்கக் கந்தோரே வந்து நிற்கிற இடமாக இந்தக் கடை ஆகிவிட்டது. கடவுச்சீட்டுக்கு வந்த ஓட்டோக்காரருக்குத் தம்பி ஒரு நல்ல செய்தி சொல்கிறார்: 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே கந்தோர் திறந்துவிட்டது, வவுனியாவுக்கு அலைய வேண்டாம். படிவம்? 'படிவத்தை நான் நிரப்பித் தாறன்.'

தம்பி எவ்வளவு வாங்குகிறார்? ஆளைப் பார்த்து. நெடுந்தீவுப் பிள்ளையிடம் பிரிண்ட் எடுத்த காசு மட்டும். ஓட்டோக்காரரிடம் 500. அம்மா ஒரு 100 ரூபாத் தாளை நீட்ட, 'வையுங்கோ, காசு வந்தாப்பிறகு தாங்கோ' என்றார். நல்ல மனம். ஆனால் ஒரு குடிமகள் தனக்குச் சட்டப்படி உரித்தான நிவாரணத்தைக் கேட்பது ஒரு கடைக்காரப் பிள்ளையின் நல்ல மனத்தில் தங்கியிருப்பது நல்ல ஏற்பாடு அல்ல. அடுத்த சந்தியில் இருப்பவருக்கும் இதே மனம் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. தம்பியே பிரான்சுக்குப் போக ஓர் ஏஜென்சியோடு கதைத்துக்கொண்டிருப்பதாகப் பெரியவர் வெளியில் வைத்துச் சொன்னார்.

இலங்கை இதை யோசிக்காத நாடு இல்லை. 2000களின் நடுவில் உலக வங்கிக் கடனோடு 'நெனசல' என்ற கணினி நிலையங்களை நாடெங்கும் திறந்தார்கள். 2014 இல் அந்தத் திட்டத்துக்குக் கேட்ஸ் அறக்கட்டளை 10 இலட்சம் டொலர் விருதும் கொடுத்தது. மூலைக் கதிரையில் இருந்து கேட்டதில், நெனசல என்ற பேச்சே ஒருவர் வாயிலும் வரவில்லை. கடலைத் தாண்டிப் பாருங்கள்: கேரளத்தில் 2002 இல் மலப்புரத்தில் தொடங்கிய அக்ஷய மையங்கள் இன்றும் சனம் போகிற இடமாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு 60 ரூபாய் என்று அரசே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. அங்கேயும் வரிசை உண்டு, சேர்வர் விழுவது உண்டு. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு மேசையும், எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஒரு கணக்கும், பிழைத்தால் யாரைத் திட்டுவது என்பதற்கு ஒரு பெயரும் இருக்கின்றன.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஸ்ரார்லிங்க் செய்மதி இணையம்கூட 2025 ஜூலையில் வந்துவிட்டது. வந்தபோது கருவி விலை இலட்சம் ரூபாவைத் தாண்டியது, ஒரு வீட்டால் முடியாது, ஒரு கிராம அலுவலர் கந்தோரால் முடியும். கோபுரமும் கேபிளும் போடக் காசு தேடுகிறவர்கள், ஒரு பிரிவுக்கு ஒரு மேசை, ஒரு கணினி, தமிழில் வாசித்துச் சொல்ல ஒரு சம்பளக்காரப் பிள்ளை, சுவரில் ஒரு கட்டணப் பட்டியல், பூட்டுள்ள ஒரு லாச்சி இவற்றுக்கும் காசு ஒதுக்கட்டும். ஆட்களைத் தேட வேண்டியதில்லை; ஏற்கெனவே ஒவ்வொரு சந்தியிலும் ஒருவர் இருக்கிறார், அவர் விமானம் ஏற முன்பு கேட்டால் போதும். அதுவரைக்கும் தீவகத்தின் மின்-அரசாங்கம் காலை எட்டரைக்குத் திறந்து பின்னேரம் ஆறரைக்குப் பூட்டும். ஞாயிறு விடுமுறை.